இளமையில் தோன்றும் இரத்த அழுத்தமும் இருதயமும்

இரத்த அழுத்தம் முதியோர் நோய் என்பது நம்மிற் பலருடைய துணிபு. நரையும் திரையும் போல அதுவும் ஆண்டு முதிர முதிர வந்தடையும் ஒன்றென்றும், ஐம்பதைக் கடவாதார் அதனைப் பற்றிக் கவலுதல் வேண்டாவென்றும் கருதுவார் உளர். முப்பத்தைந்து வயதினர் ஒருவர்க்கு அழுத்தம் மிகுந்துள்ளதென வைத்தியர் கூறுவாராயின், வீட்டிலுள்ளோர், "இளவயதுதானே, நாளடைவில் தணியும்" என்று தேற்றுவர். அறுபத்தெட்டு வயதினர்க்கு அதே அளவு காணப்படின் அவ்வீட்டாரே அச்சமுற்று, உப்பைக் குறைத்து, மருந்தை வேளை தவறாது கொடுப்பர். இவ்விருவருள் இருதய நோய்க்கு மிகுதியும் இலக்காவார் யாவர் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த வினா. விடை, வினவும் முறைக்கேற்ப இருவேறாகத் தோன்றும், இரண்டும் மெய்யே. அஃது எங்ஙனம் என்பதைக் காண்பதற்குமுன், அளக்கப்படும் பொருள் இன்னதென்பதைச் சிறிது நோக்குவோம்.

இரத்தத்தின் அழுத்தத்தை முதன்முதல் அளந்து காட்டியவர் வைத்தியரல்லர், ஒரு குருவானவர். இங்கிலாந்திலே, தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள டெடிங்டன் என்னும் ஊரின் சபைக் குருவாயிருந்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்பார், பெண்குதிரை ஒன்றைக் கிடத்திக் கட்டி, அதன் தொடையிலுள்ள நாடியிற் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு 9 அடி நீளமுள்ள கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் அக்குழாயில் மேலேறி, இருதயத்தின் மட்டத்திற்கு மேல் 8 அடி 3 அங்குல உயரத்தில் நின்றது. நின்றும் அசைவற்றிராது, நாடி துடிக்குந்தோறும் ஏறியும் இறங்கியும் ஆடிற்று. இவ்வாராய்ச்சி 1733ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. அவ்விலங்கு பட்ட பாட்டை எண்ணுவார்க்கு நெஞ்சு கூசும். எனினும், கண்ணுக்குப் புலனாகாத ஒரு விசையை அடிக்கோல் கொண்டு அளக்கலாமென்பதை உலகம் அன்று அறிந்தது. பாதரசம் இரத்தத்தினும் ஏறக்குறைய 13 மடங்கு கனமுடையதாதலின், அவ்வுயரத்தை இக்காலத்து முறைப்படி கணக்கிடின் 195 மில்லிமீட்டர்ப் பாதரசம் என்னும் அளவிற்கு அண்மையில் வரும். கட்டுண்டு அஞ்சிக் கிடந்த குதிரையின் அழுத்தம் அது என்பதை மறத்தலாகாது.

மனிதரிடத்து இம்முறை செல்லாது. 1896ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து ரிவா ரொச்சி என்னும் வைத்தியர், புயத்திற் சுற்றிக் காற்றடைக்கும் பட்டியையும் பாதரசக் குழாயையும் இணைத்துக் கருவியொன்றைச் சமைத்தார். 1905ஆம் ஆண்டில் ருஷிய தேசத்துக் கொரொட்கோவ் என்பார், பட்டியின் கீழே நாடியின்மேல் செவிக்குழாயை வைத்துக் கேட்பின், ஓசை தோன்றுமிடம் மேலளவு, மறையுமிடம் கீழளவு என்று கொள்ளலாமெனக் காட்டினார். இருதயம் சுருங்கும்பொழுது நாடியிலுள்ள அழுத்தம் மேலளவாம். அது தளர்ந்து விரியும்பொழுது எஞ்சி நிற்பது கீழளவாம். 120க்கு 80 என்பதற்குக் கீழாயிருத்தல் நன்று. 140க்கு 90 என்பதை எட்டினால் அழுத்த மிகுதி என்பது நெடுங்காலமாக வழங்கும் எல்லை. அமெரிக்க வைத்தியச் சங்கங்கள் 2017ஆம் ஆண்டில் அவ்வெல்லையை 130க்கு 80 என இறக்கின. பிற தேசத்தார் பலர் பழைய எல்லையையே கைக்கொண்டுள்ளனர்.

இனி, மிகுந்த அழுத்தம் இருதயத்திற்கு இழைக்கும் தீங்கு யாதெனில், இருதயமாவது கைம்முட்டியளவினதான ஒரு தசைப்பை. நிமிடத்திற்கு 70 முறை துடிப்பதாகக் கொள்ளின், ஒரு நாளிற் 1,00,800 முறையும், ஓராண்டில் 3 கோடியே 67 இலட்சத்துக்கு மேலும் அது துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் அதன் இடது அறை, நாடிகளில் எதிர்நிற்கும் அழுத்தத்தை வென்றே இரத்தத்தை வெளியே தள்ளல் வேண்டும். எதிரழுத்தம் நாள்தோறும் மிக்கிருக்குமாயின், பயில்வானுடைய புயம் பயிற்சியால் தடிப்பது போல, அவ்வறையின் சுவரும் தடிக்கும். ஆனால் பயில்வானுக்கு ஓய்வுண்டு, இருதயத்திற்கு இல்லை. இருதயத்திற்கே உணவூட்டும் நுண்ணிய நாடிகள் தசை தடித்த அளவிற்குப் பெருகுவதுமில்லை. எனவே, தடித்த தசை உரம் பெற்றதாகாது விறைப்புற்றதாகிறது. சுருங்கும் வன்மை குன்றாதிருக்கையிலேயே, தளர்ந்து விரிந்து இரத்தத்தை ஏற்கும் இயல்பு குறைகிறது. மற்றொருபால், இருதயத்தை மாலை போற் சூழ்ந்த நாடிகளின் உட்சுவர் இடைவிடாத தாக்குதலாற் கேடுற, அவ்விடங்களிற் கொழுப்புப் படிகிறது, சுண்ணமும் சேர்கிறது. முன்னதன் முடிவு இருதயத் தளர்ச்சி. பின்னதன் முடிவு மாரடைப்பு. மூளையின் நாடி வெடித்தலும் அடைபடுதலும், சிறுநீரகம் சுருங்குதலும் இதனோடு பிறந்த கேடுகளே. நம் பொருள் இருதயமாதலின் அவற்றை விடுப்போம்.

இவை ஒருநாளில் விளைவன அல்ல. பையப் பைய, நோவின்றி, ஆண்டுக்கணக்கில் விளைவன. 38 வயதில் தொடங்கிய அழுத்த மிகுதி, 58ஆம் வயதளவில் 73 கோடித் துடிப்புக்களை மிகுந்த சுமையோடு துடிக்கச் செய்திருக்கும். 58இல் அந்நோய் தொடங்கியவருடைய இருதயமோ அவ்வளவு துடிப்பையும் இயல்பான சுமையோடு முடித்திருக்கும். இருவரும் ஒரே நாளில் ஒரே வைத்தியரிடம் செல்வாராயின், கருவி இருவர்க்கும் ஒரே எண்ணைக் காட்டலாகும். கருவி இன்றைய அழுத்தத்தைக் கூறுமேயன்றிக் கடந்த இருபதாண்டின் வரலாற்றைக் கூறாது. நோய் தொடங்கிய வயதை வினவுதல் ஏன் வேண்டும் என்பதற்கு இதுவே முதற்காரணம்.

ஆயினும் வைத்திய உலகம் இதனை உணர்தற்கு நெடுநாட் சென்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், குறுகிய நாடிகளினூடே இரத்தத்தைச் செலுத்துதற்கு உடல் தானே மேற்கொண்ட உபாயம் இம்மிகுதி என்றும், அதனைத் தணிப்பதே தீங்கு என்றும் பேர்பெற்ற வைத்தியர் சிலர் கருதினர். அமெரிக்க ஜனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ட்டினுடைய வரலாறு இதற்குச் சான்று. அவருடைய அழுத்தம் 1935ஆம் ஆண்டில் 136க்கு 78. 1937இல், அவர்க்கு 55 வயதாயிருக்கையில், 162க்கு 98. 1941இல் 188க்கு 105. 1944ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேதான் புரூயன் என்னும் இருதய வைத்தியர் அவரைச் சோதித்து, இருதயம் பருத்துத் தளர்ந்திருப்பதைக் கண்டார். டிஜிட்டாலிஸ் மருந்து, உப்பைக் குறைத்தல், ஓய்வு என்பனவன்றி அவரால் வேறு செய்யக்கூடியது அரிதாயிருந்தது. 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், தம் 63ஆம் வயதில், மூளையில் இரத்தம் பெருகி ரூஸ்வெல்ட் மாண்டார். உலகப் போரின் போக்கை நடத்திய ஒருவரைப் பத்தாண்டாக எண்கள் எச்சரித்தும், அவ்வெண்களைப் படிக்கவல்லார் இலராயினர்.

மூன்றாண்டு கழிந்து, 1948ஆம் ஆண்டில், அமெரிக்க அரசாங்கம் இருதய நோய் ஆராய்ச்சிக்கெனச் சட்டமொன்று நிறைவேற்றிற்று. அவ்வாண்டிலேயே, பாஸ்டன் நகர்க்கு மேற்கே ஏறக்குறைய 20 மைல் தொலைவிலுள்ள பிராமிங்காம் என்னும் ஊரில், 30 முதல் 62 வயது வரையுள்ள ஆண் பெண் 5,209 பேரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. அதன் முறை மிக எளியது. பொறுமையோ மிகப் பெரியது. நோயாளரை வைத்தியசாலையிலிருந்து பொறுக்கியெடாது, ஊரில் வாழ்வோரையே தேர்ந்து, ஈராண்டுக்கொருமுறை அழைத்து, அழுத்தம், இரத்தத்திலுள்ள கொழுப்பு, நிறை, புகைபிடிக்கும் வழக்கம் முதலியவற்றைக் குறித்துக்கொண்டு, பின்னர் யார்க்கு யாது நேர்கின்றதெனக் காத்திருந்தனர். 1971ஆம் ஆண்டில் அவர்களுடைய மக்களும் மக்களின் வாழ்க்கைத் துணைவருமாக 5,124 பேர் சேர்ந்தனர். 2002ஆம் ஆண்டு தொடங்கிப் பேரப்பிள்ளைகளும் சேர்ந்தனர். ஒரு சிற்றூரின் மூன்று தலைமுறை இவ்வாறு ஏட்டிலேறிற்று. தொடங்கியவருட் பலர் அதன் பயனைக் காணாது மறைந்தனர், ஏடு நின்றது.

நம் வினாவிற்கு இவ்வேடு இன்றியமையாதது. நோய் எவ்வயதில் தொடங்கிற்று என்பதை நோயாளரிடம் வினவின், அவர் கூறுவது நோய் கண்டுபிடிக்கப்பட்ட வயதேயன்றித் தொடங்கிய வயதாகாது. பல்லுக்கு மருந்து வாங்கச் சென்றபொழுதோ, காப்புறுதிக்காகச் சோதித்தபொழுதோ தற்செயலாக அறிந்தார் பலர்; அதற்குமுன் அஃது எத்தனையாண்டு உடலில் உறைந்திருந்தது என்பதை அவர் யாங்ஙனம் அறிவர்? பிராமிங்காம் மக்களுக்கோ ஈராண்டுக்கொருமுறை அளந்த எண்கள் உள. எச்சோதனையில் எல்லை கடந்தது என்பதை நினைவின் துணையின்றியே கூறலாம்.

அவ்வேட்டைத் துருவி, பின்லாந்து தேசத்து நீரானென் என்பாரும் அமெரிக்க அறிஞர் சிலரும் 2017ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். முதல் தலைமுறையினருள் 3,614 பேருடைய மரணக் குறிப்பை ஆராய்ந்ததில், அழுத்த மிகுதியே இல்லாதாரை நோக்க, 45 வயதிற்குமுன் அதனை அடைந்தார் இருதய நாடி நோய்களால் மாளும் வாய்ப்பு விகிதம் 2.2 மடங்காயிற்று. 65 வயதிலும் அதற்குமேலும் அடைந்தார்க்கு அது 1.5 மடங்கு. இடையிலுள்ளோர்க்கு இடைப்பட்ட அளவு. பெற்றோரைப் பற்றி அவர்கள் கண்டது இதனினும் சுவையுடையது. தந்தையோ தாயோ 55 வயதிற்குமுன் அழுத்த மிகுதி அடைந்திருப்பின், மக்களுக்கும் அது வருதல் மிகுதி. பெற்றோர்க்கு முதுமையில் வந்த அழுத்த மிகுதியோ மக்களிடத்து அத்தகைய தொடர்பைக் காட்டவில்லை. "எம் குடும்பத்தில் எல்லார்க்கும் அழுத்தமுண்டு" என்று பொதுப்படக் கூறுவதாற் பயன் சிறிது. எவ்வயதில் என்பதே வினா.

ஓரூரில் கண்டதனை உலகிற்கு உரைத்தல் தகுமோ என்பார்க்குச் சீனதேசத்துச் சான்றுண்டு. 1976ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்தாற் பாழ்பட்டுப் பின்னர் எழுந்த தாங்ஷான் நகரில், கைலுவான் நிலக்கரிச் சுரங்கங்களைச் சார்ந்த மக்களிடையே, 2006ஆம் ஆண்டு தொடங்கி ஓர் ஆராய்ச்சி நடந்து வருகின்றது. தொடக்கத்தில் அழுத்த மிகுதியும் இருதய நோயும் இல்லாதிருந்த 71,245 பேருள், பின்னர் அழுத்த மிகுதி அடைந்தாரைத் தனித்தனியே, அதே வயதினராய் அஃதில்லாத ஒருவரோடு இணைத்து ஒப்பிட்டனர். 45 வயதிற்குட்பட்டார்க்கு இருதய நாடி நோய் 2.26 மடங்கு, 45 முதல் 54 வரையிலுள்ளார்க்கு 1.62 மடங்கு, 55 முதல் 64 வரையிலுள்ளார்க்கு 1.42 மடங்கு, 65க்கு மேற்பட்டார்க்கு 1.33 மடங்கு. இஃது 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்கச் சிற்றூரும் சீனச் சுரங்க நகரும் உணவிலும் தொழிலிலும் குலத்திலும் ஒவ்வாதன. எண்கள் ஒரே திசையிற் படிப்படியாக இறங்குகின்றன. படிப்படியாக இறங்குதலே இதன்கண் நம்மைத் தெளிவிக்கின்றது. தற்செயலாய் நேர்ந்ததாயின் இவ்வொழுங்கு அரிது.

இங்கே மாணவர் தடுமாறும் இடமொன்றுண்டு. மடங்கு வேறு, தொகை வேறு. நாமே அமைத்துக்கொண்ட ஒரு கணக்கைக் கொள்வோம்; இஃது எந்த ஆராய்ச்சியிலும் எடுத்ததன்று. அழுத்த மிகுதியில்லாத 35 வயதினர் 1,000 பேருள், பத்தாண்டில் 5 பேர்க்கு இருதய நோய் வருவதாகவும், அழுத்த மிகுதியுள்ள 1,000 பேருள் 11 பேர்க்கு வருவதாகவும் வைத்துக்கொள்க. மடங்கு 2.2, மிகுதிப்பட்டார் 6 பேர். 68 வயதினருள், அழுத்த மிகுதியில்லாத ஆயிரவருள் 150 பேர்க்கும், உள்ள ஆயிரவருள் 210 பேர்க்கும் வருவதாகக் கொள்க. மடங்கு 1.4, மிகுதிப்பட்டார் 60 பேர். மடங்கை நோக்குவார், இளையோர்க்கே தீங்கு பெரிதென்பர். தொகையை நோக்குவார், முதியோர்க்கே பெரிதென்பர். இருவரும் பொய்யுரைத்தாரல்லர். 2002ஆம் ஆண்டில், 61 ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பத்து இலட்சம் மக்களின் கணக்கை ஆய்ந்தோர் இதனையே மெய்ப்பித்தனர். 40 முதல் 69 வரையுள்ள வயதில், மேலளவு 20 மில்லிமீட்டர் ஏறுந்தோறும் இருதய நோயாற் சாதல் இருமடங்காகின்றது. 80 வயதிற்குமேல் அவ்வேறுபாடு விகிதத்தில் ஏறக்குறைய பாதியாகச் சுருங்குகின்றது. ஆயினும் ஆண்டுதோறும் மிகுதியாக மாள்வாரின் தொகை முதியோரிடையே பெரிதாகவேயுள்ளது.

எனவே, "அடுத்த பத்தாண்டில் யாருடைய மாரடைப்பை எதிர்பார்ப்பது?" என்று வினவின், 68 வயதினருடையதை என்பதே விடை. "இந்நோயால் தம் வாழ்நாளில் மிகுதியும் இழக்கப்போவார் யார்?" என்று வினவின் விடை மாறும். இளையோர் பத்தாண்டோடு நிற்பவரல்லர். அவரும் 68ஐ அடைவர். அடையும்பொழுது முப்பது ஆண்டுச் சுமை தாங்கித் தடித்த இருதயத்தோடு அடைவர். வைத்தியர் பலகாலும் பத்தாண்டுக் கணக்கையே கையாளுவதால், இளையோர்க்கு அபாயம் மிகச் சிறிதெனக் கணக்கு விடை கூறிவிடுகின்றது. கணக்கிற் பிழையில்லை, வினா குறுகியது.

அமெரிக்காவில் நான்கு நகரங்களில் 1985, 1986ஆம் ஆண்டுகளில் 18 முதல் 30 வயதினரைத் தேர்ந்து தொடங்கிய மற்றோர் ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்கும். அவருள் 4,851 பேருடைய 40 வயதிற்கு முற்பட்ட அளவுகளைக் கொண்டு, அதன்பின் ஏறக்குறைய 19 ஆண்டு நோக்கியதில், இருதய நாடி நோயுற்றார் 228 பேரே. தொகை சிறிது. ஆயினும், நாற்பதிற்குமுன் 140க்கு 90 என்னும் எல்லையை எட்டினார்க்கு அந்நோய் இயல்பானவரினும் மூன்றரை மடங்கு வந்தது. 130க்கும் 140க்கும் இடைப்பட்டார்க்கும் ஒன்றேமுக்கால் மடங்கு. அக்கூட்டத்தாரையே வேறு சிலர் ஆராய்ந்தபொழுது, 35 வயதிற்குமுன் அழுத்த மிகுதி அடைந்தாரிடத்து இருதயச் சுவர் தடித்தலும், இருதய நாடிகளிற் சுண்ணம் படிதலும், நடுவயதிலேயே மிகுந்து காணப்பட்டன. மாரடைப்பு வருமுன்னரே அதற்கான பாதை அமைந்துவிடுகின்றது என்க.

இளமையில் வருவது ஏன் கொடிதாயிருக்கின்றது? நெடுங்காலச் சுமை ஒரு காரணம் என்றோம், அதுவே முழுக்காரணமன்று. முதுமையில் ஏறும் அழுத்தம் பெரும்பாலும் பெருநாடி மீளுந்தன்மை இழந்து விறைப்பதால் ஏறுவது; அப்பொழுது மேலளவு உயரக் கீழளவு தாழும். அது பலர்க்கும் பொதுவானது. இளமையில் ஏறுவதிற் கீழளவும் உடன் உயர்தல் வழக்கம். நுண்ணாடிகள் இறுகியிருத்தலை அது காட்டும். அத்தகையோரிடத்து மரபுவழி வந்த இயல்பும், உடற்பருமனும், சர்க்கரை நோயின் தொடக்கமும் பலகாற் கூடியிருக்கும். ஆகவே இளவயதில் மிகும் அழுத்தம் தானே தீங்கு செய்வதன்றி, உள்ளே வேறு கேடுகள் உள என்பதற்கு அடையாளமாகவும் நிற்கின்றது. ஆராய்ச்சியாளர் இவற்றை இயன்றவரை கழித்தே மடங்கைக் கூறியுள்ளனர். எனினும் முற்றக் கழித்தல் எவர்க்கும் எளிதன்று.

வேறொரு பிறிதுநோயின் விளைவாக அழுத்தம் உயர்தலும் இளையோரிடத்தே மிகுதி. சிறுநீரகத்துக்குச் செல்லும் நாடி குறுகியிருக்கலாம். சிறுநீரகத்தின்மேல் தொப்பி போல் அமர்ந்த சுரப்பி, உப்பைத் தேக்கும் நீரை மிகுதியாகச் சுரக்கலாம்; இதனை 1955ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் கான் என்பார் விளக்கினார். பெருநாடி பிறவியிலேயே ஓரிடத்திற் குறுகியிருக்கலாம். அப்பொழுது கையில் அழுத்தம் மிகவும், காலிற் குறையவும் காணப்படும். இக்குறுக்கத்தை அறுத்து நீக்கி இரு முனைகளையும் இணைத்துத் தைக்கும் சஸ்திர வைத்தியத்தை 1944ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்துக் கிராபோர்டு முதன்முதல் செய்தார். இவை சிலர்க்கே உரியன. ஆனால் கண்டுபிடிக்கப்படின் வேரோடு நீக்கத்தக்கன. "இளவயதுதானே" என்று விடுத்தால் இவ்வாய்ப்பும் போம். பெண்களிடத்துக் கருவுற்ற காலத்தில் அழுத்தம் மிக்குச் சிறுநீரிற் புரதம் கழியும் நோயும் இவ்வகையில் எண்ணத்தக்கது. மகப்பேற்றின்பின் அழுத்தம் தணிந்துவிடினும், அந்நோயுற்ற தாய்மார்க்குப் பிற்காலத்தில் இருதய நாடி நோய் ஏறக்குறைய இருமடங்கு வருதல் காணப்பட்டுள்ளது. பிள்ளை பிறந்ததோடு அது மறக்கப்படுகின்றது.

மருந்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். நம் நாட்டு மூலிகையாகிய சர்ப்பகந்தியின் வேர் அழுத்தத்தைத் தணிக்குமென்பதை, 1949ஆம் ஆண்டில் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் வக்கீல் ஆங்கில இருதய நோய்ச் சஞ்சிகையில் எழுதி மேனாட்டார்க்கு அறிவித்தார். 1967ஆம் ஆண்டில், அமெரிக்காவில் முன்னாட் போர்வீரர் 143 பேரைக்கொண்டு நடத்திய சோதனையில், கீழளவு 115க்கும் 129க்கும் இடைப்பட்டாருள், வெறுமாத்திரை பெற்ற 70 பேரிடையே 27 கொடிய விளைவுகளும், மருந்து பெற்ற 73 பேரிடையே இரண்டும் நேர்ந்தன. அழுத்தத்தைத் தணித்தலே தீங்கென்ற பழங்கொள்கை அத்தோடு ஒழிந்தது. 2008ஆம் ஆண்டில் வெளிவந்த வேறொரு சோதனை, 80 வயது கடந்த 3,845 பேரிடத்தும் மருந்தால் மரணம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டிற்று. ஆதலின் இளையோரைப் பற்றி நாம் கூறியவற்றைக் கொண்டு, முதியோர்க்கு மருந்து வேண்டாவென எவரும் கருதற்க. இளையோரை மட்டும் கொண்டு பல்லாண்டு நடத்தி, மாரடைப்புக் குறைந்ததா எனக் கணக்கிட்ட பெருஞ்சோதனையோ இல்லை; அவரிடத்து நோய் நிகழ்ச்சி குறைவாதலின், விடை காண இருபது முப்பது ஆண்டு வேண்டும். எனவேதான், சிறிதே உயர்ந்துள்ள இளைஞர்க்கு உடனே மருந்து கொடுப்பதா, உணவையும் பழக்கத்தையும் சிலகாலம் திருத்திப் பார்ப்பதா என்பதில் வைத்தியரிடையே கருத்து வேறுபாடுண்டு. 140க்கு 90ஐ நிலையாகக் கடந்தார்க்கு அவ்வையம் பெரிதன்று.

இப்பொருள் நமக்கு அயலதன்று. இந்தியக் குடும்ப நல ஆராய்ச்சி 2019 முதல் 2021 வரை எடுத்த கணக்கின்படி, 15 வயதிற்கு மேற்பட்டாருள் ஆடவர் நூற்றுவருள் 24 பேரும் பெண்டிர் நூற்றுவருள் 21 பேரும் அழுத்தம் மிக்கவரோ, அதற்கு மருந்துண்பவரோ ஆவர். 52 நாடுகளிற் செய்த பேராராய்ச்சியொன்றில், தென்னாசியர்க்கு முதல் மாரடைப்பு 53 வயதளவில் வருவதும், பிற நாட்டார்க்கு ஏறக்குறைய 59இல் வருவதும் கண்டனர். ஆறாண்டு முந்துகின்றோம். உலகச் சுகாதார ஸ்தாபனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ணுமாறு கூறுகின்றது. அஃது ஒரு தேக்கரண்டி அளவிற்கும் சிறிது குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைப்பலகாரம் என்பவற்றை விடுதிச் சாப்பாட்டோடு கூட்டிப் பார்ப்பார், அவ்வளவு நண்பகலுக்குள் முடிந்துவிடுதலைக் காண்பர்.

அளக்கும் முறையிலும் சில அறிதல் வேண்டும். மாடிப்படி ஏறி வந்தவுடனும், காப்பி அருந்தியோ புகைபிடித்தோ அரைமணி கழியுமுன்னும் அளத்தலாகாது. முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, பேசாது ஐந்து நிமிடம் அமர்ந்திருந்து, கையை இருதய மட்டத்தில் மேசைமேல் வைத்தே அளத்தல் வேண்டும். பட்டி புயத்தின் பருமனுக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும். பருத்த புயத்திற்குச் சிறு பட்டி, இல்லாத அழுத்தத்தைக் காட்டும். ஒருமுறை கண்ட எண்ணைக்கொண்டு ஒருவரை நோயாளர் என்றல் பிழை. வேறுவேறு நாட்களில், நாளுக்கு இருமுறையேனும் அளந்தே துணிதல் வேண்டும். வைத்தியரைக் கண்ட அளவிலேயே அழுத்தம் உயரும் இயல்பினர் பலர் உளராதலின், வீட்டிலும் அளந்து பார்த்தல் நன்று. பதினெட்டு வயது நிறைந்தவர் ஈராண்டுக்கொருமுறையேனும் அளந்து, நாளோடு எழுதி வைப்பாராயின், பிராமிங்காம் மக்கள் ஏட்டிற் பெற்ற நன்மையைத் தம்மளவிற் பெறுவர்.

அவ்வேட்டின் முதற்பக்கத்தில் எழுதவேண்டியது தம் எண்ணன்று. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்பொழுது, தந்தையாரையும் தாயாரையும், இரத்த அழுத்தம் உண்டோ என்று மட்டும் வினவாது, எந்த வயதில் முதன்முதல் வைத்தியர் அதனைக் கூறினார் என்றும் வினவுக. ஆண்டு நினைவில்லை என்பார்க்கு, மூத்த தமக்கையின் கலியாணத்திற்கு முன்போ பின்போ என்று கேட்டால் நினைவு வரும். 55க்கு முன் என்று விடை வருமாயின், அடுத்த சோதனைக்கு ஈராண்டு காத்திராது, அவ்விடுமுறையிலேயே தம் அழுத்தத்தையும் அளந்துகொண்டு வருக.